மார்கழியில் நிறுத்திய கார்

1

ரகு அண்ணை தொலைபேசியில் அழைத்தபோது நான் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். லண்டனில் ஹரோ பக்கத்துத் தமிழ் ஆட்களில் பலருக்கு வங்கிக் கடன் எடுத்துக் கொடுத்து வீடு வாங்க வைத்தவர் அவர். எனக்காகவும் என் கணவர் சுதனுக்காகவும் அப்போது அலைந்துகொண்டிருந்தார். ரெய்னர்ஸ் லேனில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் ஃபிளாட்டை அதன் உரிமையாளர் விற்கப் போகிறார். வயதானவர், நல்ல மனிதர். "பிள்ளைகளோடு இருக்கிறீர்கள், அதனால் முதலில் உங்களிடம் கேட்கிறேன். ஈஸ்டர் வரை பொறுப்பேன். அதற்குப் பிறகு வீட்டைக் காலி செய்துதான் விற்க வேண்டும்" என்று சொல்லியிருந்தார். காலி என்றால் நாங்கள் வெளியே. மகள் ஆதிரையின் பள்ளிக்கூடம் இதே தெருவின் முனையில் இருக்கிறது. இந்தப் பகுதியில் இந்த வாடகைக்கு வேறு வீடு கிடையாது.

"தங்கச்சி, பக்கத்தில சுதன் நிக்கிறாரோ?"

"இல்லை அண்ணை, அவர் வேலையில."

"அப்ப ஒருக்கா இருந்துகொண்டு கதையுங்கோ."

எங்கள் சமையலறையில் கதிரை போட இடமில்லை. அடுப்பை நிறுத்திவிட்டு நிலத்திலேயே இருந்தேன்.

"பாங்க் இல்லையெண்டிட்டுது. உங்கட பேரில ஒரு கோர்ட் ஜட்ஜ்மென்ட் கிடக்கு."

"என்ர பேரிலயோ? நான் ஒண்டும் செய்யேல்லையே அண்ணை."

"ஏதோ பார்க்கிங் கம்பனி. தண்டம் போட்டு எழுதியிருக்கினம், நீங்கள் பதில் போடேல்லை. கோர்ட்டுக்குப் போயிருக்கினம், அங்கயும் நீங்கள் பதில் குடுக்கேல்லை. அவையின்ர பக்கம் தீர்ப்பாகியிட்டுது."

"நான் இல்லாமலே தீர்ப்புச் சொல்ல ஏலுமோ?"

"நீங்கள் இல்லாததாலதான் தங்கச்சி சொன்னவை."

தீர்ப்பு வந்து ஒரு மாதத்துக்குள் கட்டியிருந்தால், வங்கிகள் பார்க்கும் தீர்ப்புப் பதிவிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்களாம். அந்த மாதம் போய்விட்டது. இனிக் கட்டினாலும் ஆறு வருடத்துக்குப் பெயர் அங்கேயே கிடக்கும் என்றார். ஊரில் என் வீட்டாருக்கு வழக்கு, நீதிமன்றம் என்று ஒன்றும் இருந்ததில்லை. அப்பா ஒரு காணித் தகராறில் தன் பங்கையே விட்டுக்கொடுத்தார், அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று. நான் பருப்புச் சட்டிக்குப் பக்கத்தில் இருந்தபடி, எனக்கே தெரியாமல் தோற்றுப்போன ஒருத்தியாக இருந்தேன்.

2

இது எப்படி நடந்தது என்று ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொன்னால் உடனே விளங்கும். இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லி விளங்க வைப்பதுதான் பெரும் பாடாகப் போயிற்று.

அதற்கு முந்திய ஆண்டு இல்ஃபோர்ட்டில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இருந்தோம். ஆண்டு முடிவதற்குள் விடச் சொல்லிவிட்டார்கள். இந்த ஃபிளாட் கிடைத்தது, டிசம்பர் கடைசிக் கிழமையிலிருந்து. யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் இருக்கும் மாமி, அதாவது சுதனின் அம்மா, வீடியோவில் செய்தியைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தார்.

"மார்கழியில ஆராவது வீடு மாறுவினமோ பிள்ளை? கைக்குழந்தையையும் வைச்சுக்கொண்டு."

"எழும்பச் சொல்லிப்போட்டினம் மாமி. என்ன செய்யிறது?"

"சாமானைக் கொண்டுபோய் வை. படுக்கிறதெண்டா படு. ஆனா குடிபூரல் எண்டு ஒண்டும் செய்யாதை. அந்த விலாசத்தை ஒருத்தருக்கும் குடுத்துப்போடாதை. தை பிறக்கட்டும். நல்ல நாள் பார்த்துச் சொல்லுறன். பாலைக் காய்ச்சு, பிறகு ஆருக்கு வேணுமெண்டாலும் குடு."

மகன் அப்போது சில மாதக் குழந்தை. பிறந்தபோது மூச்சு எடுக்கச் சிரமப்பட்டு, ஆசுப்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து தேறியவன். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு நம்பாமல் இருக்கும் துணிவும் இல்லை. "ஓம் மாமி" என்றேன்.

அந்த மார்கழி முடியும் வரை எங்கள் சொந்த வாடகை வீட்டில் விருந்தாளிகளைப் போல இருந்தோம். பெட்டிகளைப் பாதிதான் பிரித்தோம். சாமிப் படம் துவாயில் சுற்றியபடி அலுமாரிக்குள் கிடந்தது. கட்டடத்தின் பராமரிப்பு அலுவலகத்தில் கார் நிறுத்த அனுமதி அட்டை கொடுப்பார்கள், ஒரு படிவம் நிரப்பினால் போதும். படிவத்தின் முதல் கேள்வியே முகவரி. அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன், தைக்குப் பிறகு பார்ப்போம் என்று.

அனுமதி அட்டை உள்ளவர்களுக்கு மட்டும் என்று கம்பத்தில் பலகை இருந்தது. நான் அதை வாசிக்காமல் இல்லை. போகும்போதும் வரும்போதும் வாசித்தேன்.

"இஞ்சருங்கோ, காரை இதில விடலாமோ?"

"அக்ரிமென்ட்டில எங்களுக்கெண்டு ஒரு இடம் எழுதிக் கிடக்கு. வாடகை குடுக்கிறம். ஆர் வந்து கேக்கப்போறான்?" என்றார் சுதன்.

ஒருவரும் வந்து கேட்கவில்லை. காரின் கண்ணாடியில் ஒரு தண்டத் துண்டும் ஒட்டவில்லை. கம்பத்தில் இருந்த கமரா தன்பாட்டில் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

தை பிறந்தது. பால் காய்ச்சினோம். மாமி வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பால் பொங்கியது. அடுத்த நாளே அனுமதி அட்டை எடுத்தேன். பிறகு வங்கி, டொக்டர், பள்ளிக்கூடம், என் லைசன்ஸ் என்று ஒவ்வொன்றாக முகவரியை மாற்றினேன். லைசன்ஸை மாற்றினால் காரும் சேர்ந்து மாறிவிடும் என்று நினைத்துவிட்டேன். இந்த நாட்டில் அவை இரண்டும் வேறு வேறு. காரின் பதிவுக்கு ஒரு தனிப் புத்தகம், லொக் புக் என்பார்கள், அதைத் தனியாக மாற்ற வேண்டும். இன்சூரன்ஸ் குறைவாக வரும் என்று கார் என் பெயரில் இருந்தது. நாங்கள் எல்லோரும் ரெய்னர்ஸ் லேனுக்கு வந்துவிட்டோம். கார் மட்டும் இல்ஃபோர்ட்டிலேயே இருந்தது.

3

ரகு அண்ணை சொன்ன மறுநாள் மகனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ரயிலேறிப் பழைய வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் ஒரு தமிழ்ப் பெண், என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். என் பெயரைச் சொன்னதும் அவருடைய முகம் மலர்ந்தது.

"நீங்களோ அந்த ஆள். உங்கட கடிதமெல்லாம் பத்திரமாக் கிடக்கு."

மீற்றர் பெட்டிக்கு மேலிருந்து ஒரு கடைப் பையை எடுத்துத் தந்தார். ஒன்றும் பிரிக்கப்படவில்லை. பெரியது கீழே சிறியது மேலே என்று அடுக்கியிருந்தார்.

"ஒண்டையும் உடைச்சுப் பாக்கேல்லையோ அக்கா?"

"ஆற்றையும் கடிதத்தை உடைக்கிறதோ? நாங்கள் ஜெர்மனியில இருந்து வந்தனாங்கள். அங்க பெட்டியில பேர் ஒட்டாட்டி தபால்காரன் போடவே மாட்டான். இஞ்ச போடுறான். அப்ப நீங்கள் சொல்லித்தானே போடுறான், ஒரு நாளைக்கு வருவியள் எண்டு இருந்தன்."

"ஆளில்லை எண்டு திருப்பி அனுப்பியிருந்தா அவைக்குத் தெரிஞ்சிருக்கும்..."

அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். "அனுப்பத்தான் நினைச்சன் தங்கச்சி. தமிழ்ப் பேர் கிடந்துது. திருப்பி விட மனம் வரேல்லை."

அவரிடம் நான் எப்படிக் கோபிப்பது? பிளேன் ரீயும் மிக்சரும் தந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

ரயிலில் கடிதங்களைப் பிரித்தேன். முதலில் வந்தவற்றில் படங்கள் இருந்தன. எங்கள் கார். பின்னால் எங்கள் கட்டடத்தின் செங்கல் சுவர். ஒரு படத்தில் மேலே ஒரு யன்னலில் வெளிச்சம் தெரிந்தது. அது எங்கள் சமையலறை. அந்த நேரத்தில் நான் உள்ளேதான் நின்றிருப்பேன், மகனுக்குப் பால் போத்தல் கழுவிக்கொண்டு. கீழே என் கார் அனுமதியில்லாமல் நிற்கிறது என்று படம் பிடிபட்டுக்கொண்டிருந்தது. பின்னால் வந்த கடிதங்களில் படம் இல்லை, எழுத்து மட்டும் தடித்துக்கொண்டே போனது. கடைசிக் கடிதத்தில், பணம் வராவிட்டால் வீட்டுக்கு ஆட்களை அனுப்பிச் சாமான்களை எடுக்கலாம் என்று இருந்தது.

4

அதன் பிறகு கதவு தட்டப்படும் ஒவ்வொரு முறையும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பார்சல் கொண்டு வந்தவர் தட்டினாலும், கீழ்வீட்டுப் பெண் தட்டினாலும் ஒன்றுதான். யார் வந்தாலும் திறக்கக் கூடாது என்று ஆதிரைக்குச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். சும்மாதான் என்றேன். அவள் சும்மா விடுகிற பிள்ளை இல்லை. நானும் சுதனும் குசுகுசுத்ததில் பெய்லிஃப், அதாவது கடனுக்குச் சாமான் எடுக்க வரும் ஆள், என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்து டாப்லெட்டில் தேடியிருக்கிறாள்.

"அம்மா, வில் தே டேக் மை பெட்?"

"உன்ர கட்டிலை ஒருத்தரும் எடுக்கமாட்டினம் பிள்ளை."

"ஹவ் டு யூ நோ?"

நான் தமிழில் கேட்க அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் எப்போதோ தொடங்கிவிட்டது. அது பற்றி வழக்கமாகக் கவலைப்படுவேன். அந்த நாட்களில் அதற்குக்கூட இடமிருக்கவில்லை. நான் திருமண விசாவில் வந்தவள். நிரந்தர வதிவிடம் கிடைத்துவிட்டது, குடியுரிமை இன்னும் இல்லை. தீர்ப்பு என்ற சொல் என் குடியுரிமைக் கோப்புக்குள் போய் விழுந்தால் என்ன ஆகும்? சுதனிடம் கேட்டேன். "பார்க்கிங்குக்கு ஆரையும் பிளேனில ஏத்தமாட்டாங்கள்" என்று சிரித்தார். சிரித்துவிட்டுத் தானும் தொலைபேசியில் தேடிப் பார்த்ததை நான் கண்டேன்.

நூலகத்தில் கிழமைக்கு ஒரு நாள் இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்வார்கள். அங்கிருந்த பெண் பொறுமையாக விளக்கினார். இது குற்ற வழக்கு இல்லை. தீர்ப்பை நீக்கிவிடச் சொல்லி அதே நீதிமன்றத்திடம் மனுக் கொடுக்கலாம். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்: ஏன் பதில் போடவில்லை, பதில் போட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள். உடனே செய்யுங்கள், பிந்தினால் ஏன் பிந்தியது என்றும் கேட்பார்கள்.

இரண்டாவதற்குப் பதில் இருந்தது. வாடகை ஒப்பந்தத்தில் கார் நிறுத்த ஒரு இடம் எங்களுக்கு உண்டு. முதலாவதுதான் சிக்கல்.

"மார்கழி கீர்கழி எண்டெல்லாம் எழுதாதையும்," என்றார் சுதன். "விசரி எண்டு நினைப்பாங்கள். மறந்துபோனன் எண்டு எழுதும்."

"லொக் புக்கை மறந்தது உண்மை. மற்றது மறந்ததில்லையே. தெரிஞ்சுதானே மாத்தாமல் விட்டனாங்கள்."

"உண்மை எல்லாத்தையும் எழுதச் சொல்லி அவங்கள் கேக்கேல்லை."

படிவத்தின் கடைசி வரியைக் காட்டினேன். பொய்யென்று தெரிந்து எழுதினால் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை எடுக்கலாம் என்று அதில் இருந்தது. அவர் அதை வாசித்துவிட்டு ஷிப்டுக்குப் போனார். ரகு அண்ணையும் மறந்துபோனேன் என்றே எழுதச் சொன்னார். இரண்டு பேர் ஒன்றைச் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற ஆள் நான். அன்று அப்படி நினைக்க முடியவில்லை. துணிவு வந்ததால் இல்லை. அந்தக் கடைசி வரிக்குத்தான் அவர்கள் இருவரையும்விட அதிகம் பயந்தேன்.

எழுதினேன்: எங்கள் வழக்கப்படி மார்கழி மாதத்தில் புது வீட்டுக்குக் குடிபுகுவதில்லை. ஆகவே ஜனவரி நடுப்பகுதி வரை நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிபுகவில்லை. முகவரியும் மாற்றவில்லை.

அழித்தேன், திரும்ப எழுதினேன், அனுப்பினேன். அனுப்பிய பிறகும் பிரதியை எடுத்து எடுத்து வாசித்தேன். அந்த இரண்டாவது வசனத்தில் ஏதோ பிழை இருக்கிறது என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. என்ன பிழை என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

5

விசாரணை அடுத்த ஆண்டு மாசியில் வந்தது. மகனைச் சுதனிடம் விட்டுவிட்டுத் தனியாகப் போனேன். நீதிமன்றம் என்றால் தூணும் படிக்கட்டும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது கவுன்சில் அலுவலகம் போல இருந்தது. வாசலில் பையைச் சோதித்தார்கள். நான் யாரும் சொல்லாமலே இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு நின்றேன். காவலாளி, தேவையில்லை, கீழே விடுங்கள் என்றார். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகிற வழியில் இராணுவச் சோதனைச் சாவடியில் பழகியது. கை அதை மறக்கவில்லை.

நடைவழியில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு இளம்பெண் சில்லுப் பையை இழுத்துக்கொண்டு வந்து என் முழுப் பெயரையும் சொன்னாள். இந்த நாட்டு அலுவலகம் ஒன்றில் என் பெயரை உடைக்காமல் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

"நீங்கள் தமிழோ?"

"ஓம் அக்கா. பட் ஐ ஆம் ஃபார் த கம்பனி." கொஞ்சம் தயங்கினாள். "சொறி. எனக்கு உங்களுக்கு ஒண்டும் சொல்லித்தர ஏலாது."

"பரவாயில்லை."

"ஃபர்ஸ்ட் டைமோ?"

"ஓம்."

"ஜட்ஜ் கடிக்கமாட்டார் அக்கா. நான்தான் கடிக்கோணும்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அறை சிறியது. ஒரு நீளமான மேசை, தண்ணீர்க் குவளை, மூக்குக் கண்ணாடியோடு ஒரு நீதிபதி. நான் எதிர்பார்த்த வெள்ளைப் பொய்முடி இல்லை. அவர் என் பெயரைக் கேட்டபோது "யெஸ், ஒஃபிசர்" என்றேன். அவர் திருத்தவில்லை.

அந்தப் பெண்பிள்ளை எழுந்து பேசினாள். தெளிவான ஆங்கிலம். பிரதிவாதி சொல்வதன்படியே அந்த மாதத்தில் அவர் அங்கே குடிபுகவில்லை. குடியிருக்காதவருக்கு அங்கே கார் நிறுத்தும் உரிமை இல்லை. குடியிருந்தார் என்றால் முகவரியை மாற்றாதது முழுக்க அவருடைய தவறு. இரண்டில் ஒன்றைத்தான் அவர் சொல்ல முடியும் என்றாள்.

என் வசனத்தில் இருந்த பிழை அதுதான். வேறு யாராவது வந்திருந்தால் மார்கழியைக் கேட்டுச் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். இவள் சிரிக்கவில்லை. இவளுக்கு மார்கழி தெரியும். தெரிந்ததால்தான் சரியான இடத்தில் கை வைத்தாள்.

நீதிபதி என்னைப் பார்த்தார். "உங்கள் வழக்கம் பற்றி நான் கேட்கவில்லை. அந்த வாரங்களில் நீங்களும் பிள்ளைகளும் எங்கே படுத்தீர்கள்?"

சின்னக் கேள்வி. இல்ஃபோர்ட்டில் என்று சொன்னால் பொய். அங்கே என்று சொன்னால், மார்கழியில் குடிபுகுந்தோம் என்று நானே என் வாயால் சொன்னதாகிவிடும், அதுவும் சத்தியம் பண்ணின இடத்தில். தையில் பொங்கிய பாலும் மாமி பார்த்த நாளும் இல்லையென்றாகிவிடும். இதைச் சமையலறையில் இருந்து வாசிக்கும் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். அந்தக் கதிரையில் எனக்கு மனதுக்குள் மகனின் நெஞ்சு ஏறி இறங்குவதுதான் தெரிந்தது. ஃபிளாட் போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம், அவனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் மறுபக்கம். இரண்டும் ஒரே அளவில் இருந்தன.

"அங்கேதான்," என்றேன். "முதல் நாளிலிருந்தே. நாங்கள் அங்கே வாழ்ந்தோம். வாழ்கிறோம் என்று யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்."

அவர் நெடுநேரம் எழுதினார். பிறகு நிதானமாகச் சொன்னார். முகவரியை மாற்றாதது உங்கள் தவறு, ஆகவே இந்த மனுவுக்கான செலவை நீங்களே ஏற்க வேண்டும். ஆனால் ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறது, நீங்கள் அங்கே வசித்திருக்கிறீர்கள், அந்த வாதத்தை ஒரு நீதிமன்றம் கேட்கத்தான் வேண்டும். தெரிந்தவுடன் மனுவும் கொடுத்திருக்கிறீர்கள். தீர்ப்பை நீக்குகிறேன். வழக்கு முடிந்துவிடவில்லை. உங்கள் பதிலை எழுத்தில் கொடுங்கள்.

நான் வென்றேனா தோற்றேனா என்று விளங்காமல் நடைவழியில் நின்றேன். அந்தப் பெண்பிள்ளை பையை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, யூ வொன்," என்றாள். பிறகு, "இண்டைக்கு மட்டும்."

"உங்கட வீட்டில மார்கழி பாப்பினமோ?"

"அம்மா பாப்பா. நான் என்ர ஃபிளாட்டுக்கு மூவ் பண்ணினது மார்கழியிலதான். அவக்கு இன்னும் தெரியாது."

வெளியே வந்து சுதனுக்குப் போன் அடித்தேன். நடந்ததைச் சொன்னேன். "நல்லதுதான்," என்றார். "அம்மாவுக்கு மட்டும் சொல்லாதையும்."

6

என் பதிலை அனுப்பிவிட்டேன். கம்பனியிடமிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. தபால் பெட்டியின் மூடி அசையும் சத்தத்துக்கு இப்போதும் எழுந்து ஓடுகிறேன். ஆனால் பதிவிலிருந்து என் பெயர் போய்விட்டது. வீட்டு உரிமையாளர் சொன்ன சொல்லில் நிற்கிறார். ஈஸ்டருக்கு நாள் இருக்கிறது.

நேற்று ரகு அண்ணையின் அலுவலகத்துக்கு மறுபடியும் போனோம். ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே இருக்கிறது, படிக்கட்டு முழுக்கக் கருவாட்டு மணம். மகனுக்குச் சளி. தள்ளுவண்டிக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான். ரகு அண்ணை கணினியில் புது விண்ணப்பத்தைத் திறந்து ஒவ்வொன்றாகக் கேட்டுத் தட்டிக்கொண்டு போனார்.

"பாங்க் இந்த முறை ஓம் எண்டிடும், யோசியாதையுங்கோ. சரி, இந்த விலாசத்தில எப்ப இருந்து இருக்கிறியள்?"

"தையில..." என்று சுதன் தொடங்கினார்.

"டிசம்பர்," என்றேன். "டிசம்பர் கடைசிக் கிழமை."

ரகு அண்ணை கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "பழைய ஃபோர்ம் எல்லாத்திலயும் ஜனவரி எண்டெல்லே குடுத்திருக்கிறியள் தங்கச்சி?"

அது எனக்குத் தெரியும். வங்கியில் ஜனவரி, டொக்டரிடம் ஜனவரி, பள்ளிக்கூடத்தில் ஜனவரி, எல்லாம் என் கையெழுத்து. நீதிமன்றத்தில் டிசம்பர். எங்கேயோ ஒரு அறையில் ஒருவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

"அதெல்லாத்தையும் ஒவ்வொண்டா மாத்துறன் அண்ணை. நீங்கள் டிசம்பர் போடுங்கோ."

மகன் இருமினான். சுதன் அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் குனிந்து அவனுடைய நெஞ்சில் கையை வைத்தேன். சூடாக இருந்தது, ஒழுங்காக ஏறி இறங்கியது. கையை எடுக்காமல் இருந்தேன். ரகு அண்ணை திகதியைத் தட்டிவிட்டு அடுத்த கேள்வியை வாசித்தார்.